முதுமையும் நோயும் சேர்ந்து வரும்போது: விசுவாசிகள் கேட்கும் கேள்விகள்

ஆலயத்துக்கு வர முடியாமல் வீட்டோடு இருக்கும் முதியவர்களுக்குத் திருவிருந்து கொடுக்க எங்கள் ஐயர் (சபைப் போதகர்) போகும்போது உடன்போகிறவர்களில் நானும் ஒருத்தி. நெல்லைப் பக்கத்துச் சபைகளில் இது வழக்கமான ஊழியம். ஜெபம் முடிந்து ஐயர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது, தாத்தாக்களும் ஆச்சிகளும் கையைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் கேட்கும் கேள்விகள் உண்டு. அடுப்படியில் வைத்து மகள்களும் மருமகள்களும் கேட்பவை வேறு. கத்தோலிக்கக் குடும்பங்களில் கேட்டவையும் இவற்றில் இருக்கின்றன. வைத்தியம், சட்டம் பற்றிய இடங்களில் பொதுவானதை மட்டுமே சொல்கிறேன். உங்கள் காரியத்துக்கு உங்கள் டாக்டரையும் வக்கீலையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாழ்நாளெல்லாம் ஜெபித்தேன், ஆலயத்துக்குத் தவறாமல் போனேன். எனக்கு ஏன் இந்த நோய்? என் விசுவாசத்தில் குறையா?

இல்லை. இந்தச் சந்தேகத்தை நோயாளியின் மனதில் விதைக்கிறவர்கள் பெரும்பாலும் நோய் விசாரிக்க வருகிறவர்களே. "அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா, யோசித்துப் பாருங்கள்" என்று கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எண்பது வயதுக்காரர் அன்று ராத்திரி முழுவதும் தூங்காமல் தம் வாலிப நாட்களைக் கிளறிக்கொண்டு கிடக்கிறார். யோபுவின் சிநேகிதர்களும் இதைத்தான் செய்தார்கள். கடைசியில் கர்த்தருடைய கோபம் மூண்டது யோபுவின்மேல் அல்ல, அந்தச் சிநேகிதர்கள்மேல்.

ஈசாக்குக்கு முதிர்வயதில் கண் தெரியாமல் போனது. எலிசா தீர்க்கதரிசி எத்தனையோ அற்புதங்கள் செய்தவர். அவரும் வியாதிப்பட்டுத்தான் மரித்தார். பிற்பாடு அவருடைய எலும்புகள்மேல் பட்ட ஒரு பிரேதம் உயிரடைந்ததாக 2 இராஜாக்கள் 13ஆம் அதிகாரம் சொல்கிறது. அப்பேர்ப்பட்டவருடைய வியாதியை விசுவாசக் குறைவு என்று யார் சொல்வார்கள்? பவுல், தம் உடன் ஊழியரான துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாகவே விட்டுவிட்டு வந்ததாக எழுதுகிறார். தம் சரீரத்தில் முள் என்று அவர் சொன்ன வேதனையை எடுத்துவிடும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது எடுபடவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது.

சுகத்துக்காக ஜெபியுங்கள், தயங்காமல் ஜெபியுங்கள். சுகம் வராவிட்டால் அதைக் கொண்டு உங்களை நீங்களே குற்றவாளியாக்கிக்கொள்ளாதீர்கள்.

"யாருக்கும் பாரமாக இல்லாமல், கை கால் நன்றாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்" என்று ஜெபிக்கிறேன். தவறா?

நான் போகிற வீடுகளில் அநேகமாக எல்லாரும் செய்கிற ஜெபம் இது. வேதத்திலேயே இப்படிப் பேசின ஒருவர் இருக்கிறார். தாவீது அப்சலோமுக்குத் தப்பி ஓடினபோது மக்னாயீமில் ஆகாரம் கொடுத்து ஆதரித்த பர்சிலாய் என்ற பெரியவர். யுத்தம் முடிந்ததும் தாவீது, "என்னோடு எருசலேமுக்கு வாரும், உம்மைப் பராமரிக்கிறேன்" என்று அழைக்கிறார். அதற்கு அவர், எனக்கு எண்பது வயதாகிறது, சாப்பாட்டில் ருசி தெரியுமா, பாடுகிறவர்களின் சத்தம் காதில் விழுமா, ராஜாவுக்கு நான் ஏன் பாரமாயிருக்கவேண்டும் என்று கேட்கிறார் (2 சாமுவேல் 19). ஊருக்குத் திரும்பி, தாய் தகப்பன் கல்லறையண்டையில் சாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. தாவீது அவரைக் கடிந்துகொள்ளவில்லை. முத்தமிட்டு, ஆசீர்வதித்து அனுப்பினார். ஆகவே இந்த ஆசை பாவமல்ல.

ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள் என்பேன். நீங்கள் கேட்டபடி நடக்காமல், படுக்கையில் நாட்கள் நீளுமானால் என்ன செய்வது? அதற்கும் மனதை ஆயத்தப்படுத்த வேண்டும். பேதுருவிடம் ஆண்டவர் சொன்னது நினைவிருக்கிறதா: இளவயதில் நீயே அரைகட்டிக்கொண்டு இஷ்டமான இடத்துக்குப் போனாய், முதிர்வயதில் கைகளை நீட்டுவாய், வேறொருவன் உன் அரையைக் கட்டுவான். பேதுரு இரத்தசாட்சியாக மரிக்கப்போகிற விதத்தைக் குறித்துச் சொல்லப்பட்ட வார்த்தை அது என்று யோவானே விளக்குகிறார். ஆனாலும், மகன் வேட்டி கட்டிவிடுவதற்காகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒரு தகப்பனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வசனம்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த வசனத்தைத் தொடர்ந்து ஆண்டவர் பேதுருவிடம் சொன்னது, "என்னைப் பின்பற்றி வா."

பக்கவாதத்தால் வலது கை விழுந்துபோன ஓர் ஆச்சிக்குத் திருவிருந்து கொடுத்தோம். கிண்ணத்தைப் பிடித்தால் பல்லில் இடிபட்டுத் திராட்சரசம் கழுத்தில் வழிந்துவிடும். அதனால் ஐயர் அப்பத்தைச் சிறியதாகக் கிள்ளி, ரசத்தில் தோய்த்து, ஸ்பூனில் எடுத்தார். மருமகள் ஒரு கையால் ஆச்சியின் தாடையைத் தாங்கி, மறு கையில் துண்டை விரித்துப் பிடித்திருந்தாள். ஆச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பச்சைப்பிள்ளைக்கு ஊட்டுவதுபோல் எனக்கு வேண்டாம்" என்றார். ஐயர் ஸ்பூனைக் கீழே வைக்கவில்லை. "ஆச்சி, இந்தப் பந்தியில் யாரும் தானாக எடுத்துச் சாப்பிடுவதில்லை. எனக்கும் கொடுக்கப்பட்டதுதான்" என்றார். சற்று நேரம் கழித்து ஆச்சி வாயைத் திறந்தார்.

ஏசாயா 46ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசித்துப் பாருங்கள். முதல் இரண்டு வசனங்களில் பாபிலோனின் தெய்வச்சிலைகளான பேலும் நேபோவும் மிருகங்கள்மேல் ஏற்றப்பட்டுப் போகின்றன. சுமக்கிற மிருகங்கள் இளைத்துப்போகின்றன. அடுத்ததாக, தாயின் வயிற்றிலிருந்து நான் உங்களைத் தாங்கினேன், நரைவயதுமட்டும் தாங்குவேன், சுமப்பேன் என்று கர்த்தர் பேசுகிறார். நாம் ஓடியாடி வேலை செய்த நாட்களிலும் சுமக்கப்பட்டுத்தான் இருந்தோம். அப்போது அது தெரியவில்லை. இப்போது மருமகளுடைய கை வழியாக, நர்ஸ் கை வழியாகக் கண்ணுக்குத் தெரிகிறது.

இனி நான் சபைக்கு என்ன பிரயோஜனம்? பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி எல்லாம் விட்டாயிற்று.

டோனாவூரில் வாழ்ந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றி நம் பக்கத்தில் அறியாதவர்கள் குறைவு. 1895இல் இந்தியாவுக்கு வந்தவர், சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. 1931இல் களக்காட்டில், இருட்டில் ஒரு குழிக்குள் விழுந்து கால் முறிந்தது. அதன்பின் 1951 ஜனவரியில் மரிக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் தம் அறையிலும் படுக்கையிலுமே இருந்தார். ஓடி ஓடிப் பிள்ளைகளைக் காப்பாற்றியவருக்கு இது எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும்! ஆனாலும் அந்த அறையிலிருந்தே எழுதினார். பிள்ளைகளுக்குக் கடிதம் அனுப்பினார். தேடி வந்தவர்களோடு பேசி ஜெபித்தார். தம் கல்லறைக்குக் கல்வெட்டு வேண்டாம் என்றார். பறவைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி ஒன்றை "அம்மா" என்று எழுதி அங்கே வைத்தார்கள்.

எல்லாருக்கும் எழுத வராது. லூக்கா 2ஆம் அதிகாரத்து அன்னாள், எண்பத்துநாலு வயது விதவை. தேவாலயத்தை விட்டு நீங்காமல் ஜெபித்ததுதான் அவருடைய வேலை. எங்கள் சபையில் ஒரு தாத்தா, ஞாயிறு அறிவிப்புகளை யாரையாவது வாசிக்கச் சொல்லி, அதில் வரும் பெயர்களையெல்லாம் வாரம் முழுவதும் சொல்லி ஜெபிப்பார். பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் அவரிடம் வந்து பெயர் கொடுத்துவிட்டுப் போவார்கள். இதைச் சபையின் சில்லறை வேலையாக நான் நினைக்கவில்லை.

விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்கிறார்கள். நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். ரத்த அழுத்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் பக்கவாதம் வரலாம். இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருஷம் ஆயுசைக் கூட்டிக் கொடுப்பேன் என்று கர்த்தரே சொன்ன பிறகும், பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னார் ஏசாயா. பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். தீமோத்தேயுவின் வயிற்றுக்காகவும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொன்னார் பவுல்.

மாத்திரை டப்பாவைக் குப்பையில் போடச் சொல்லி மேடையில் முழங்குகிறவர்கள், மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்கள் பிள்ளையோடு நிற்க வரமாட்டார்கள். சுகம் கிடைத்துவிட்டது என்று நம்பினால் டாக்டரிடம் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். குஷ்டரோகம் நீங்கினவனைக்கூட ஆசாரியனிடம் போய்க் காண்பி என்றுதான் ஆண்டவர் அனுப்பினார்.

லெந்து நாட்களில் உபவாசம் இருக்க முடியவில்லையே?

வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமே அறுபதாம் வயது தொடங்கியவர்களை ஒருசந்திக் கடமையிலிருந்து விடுவிக்கிறது. சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி, வியர்த்து, நடுங்கி, நினைவு தப்பும். அதற்குப் பதிலாக ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசை இல்லாதவர்களுக்குக் கொடுங்கள்.

"போதும் ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும்" என்று தினமும் அழுகிறேன். இது பாவமா?

எலியா அதே ஜெபத்தைத்தான் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து செய்தார். தேவன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார், தூதனை அனுப்பித் தட்டி எழுப்பினார், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டார். கேள்வி கேட்டதெல்லாம் அப்புறம்தான்.

எனவே நானும் முதலில் கேட்பது, சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்பதைத்தான். வாரக்கணக்கில் எதிலும் மனம் பற்றாமல், பசியும் தூக்கமும் போய், வாழ்வதில் அர்த்தமில்லை என்ற நினைப்பே ஓடினால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். எழுபதிலும் எண்பதிலும் அதற்கு வைத்தியம் உண்டு, குணமும் தெரியும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அன்றைக்கே வீட்டாரிடமோ டாக்டரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். மனநல டாக்டரைப் பார்ப்பது சாட்சியைக் கெடுக்கும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. வேதம் வாசிக்கக் கண்ணும் தெரியவில்லை.

கண்ணுக்கு முதலில் பரிசோதனை. புரையாக இருந்தால் அறுவைச் சிகிச்சையில் சரியாகக்கூடியது. வேதத்தை வாசித்துக் காட்டும் ஒலிப்பதிவுகள் செல்பேசியில் இலவசமாகக் கிடைக்கின்றன. பேரப்பிள்ளையைக் கேட்டால் ஏற்றித் தருவான். நீண்ட ஜெபம் கட்டாயமில்லை. "இயேசுவே, இரங்கும்" போதும். அதுவும் வராத நாளுக்கு ரோமர் 8:26 இருக்கிறது: வேண்டிக்கொள்ளத் தெரியாத நமக்காக ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார்.

பங்குத்தந்தை எண்ணெய் பூச வந்தால் சாவு நெருங்கிவிட்டது என்று அம்மா பயப்படுகிறார்.

முன்பு அவஸ்தைப்பூசுதல் என்று பெயர். கடைசி நேரத்தில் மட்டும் கொடுத்து வந்ததால் இந்தப் பயம் வேரூன்றிவிட்டது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல, நோயினாலோ முதுமையினாலோ ஆபத்து தொடங்கும்போதே பெறலாம் என்று தெளிவாகச் சொன்னது. இப்போது நோயில்பூசுதல் என்கிறோம். பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன்பு பெறலாம்; நோய் கடுமையானால் மீண்டும் பெறலாம். அம்மா தெளிவாக இருக்கும்போதே, பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நிற்கப் பெற்றுக்கொள்வது நல்லது. சீர்திருத்தச் சபைகளிலும் யாக்கோபு 5:14இன்படி மூப்பர்களை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கிற வழக்கம் உண்டு. உங்கள் போதகரைக் கேளுங்கள்.

அப்பாவுக்கு மறதி நோய். பிள்ளைகளையும் தெரியவில்லை, ஜெபமும் மறந்துவிட்டது. அவருடைய இரட்சிப்பு என்னவாகும்?

அவர் தேவனை மறந்துவிட்டார். தேவன் அவரை மறக்கவில்லை. தாய் தன் பாலகனை மறந்தாலும் நான் உன்னை மறப்பதில்லை என்று ஏசாயா 49இல் இருக்கிற வாக்கு இங்கேதான் பொருந்துகிறது. அறுபது வருஷம் அவர் வைத்த விசுவாசத்தை மூளையில் வந்த ஒரு நோய் அழித்துவிடாது. அவர் கெட்ட வார்த்தை பேசினாலும், உங்களைத் திருடி என்றாலும், அது நோயின் வேலை. பிசாசு பிடித்திருக்கிறது என்று ஆள் கூட்டி வந்து கத்தி ஜெபித்து அவரை மிரட்டாதீர்கள். மறதி நோயில் சத்தமும் கூட்டமும் கலக்கத்தை இன்னும் கூட்டும்.

சிறுவயதில் பாடின பாட்டுகள் பலருக்குக் கடைசிவரை மிஞ்சும். மகன் பெயரைச் சொல்ல முடியாத ஒரு பெரியவர், நாங்கள் பழைய கீர்த்தனையைத் தொடங்கியதும் தொடையில் தாளம் போட்டு அனுபல்லவியைத் தாமே எடுத்தார். புதுப் பாட்டுகளை விட்டுவிட்டு அவர் காலத்துப் பாட்டுகளைப் பாடுங்கள்.

இன்னொன்று, மிக முக்கியம். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று குழம்பிப் பேசினால், அதை மறதி நோய் என்று எண்ணி விட்டுவிடக்கூடாது. சிறுநீரில் தொற்று, நெஞ்சுச் சளித் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவது, தண்ணீர் குடிக்காதது, புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரை என்று இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பல சமயம் சரியாகிவிடும்.

வென்டிலேட்டர் வேண்டாம் என்று சொன்னால் அது தற்கொலைக்குச் சமமா? வலிக்கு மார்ஃபின் கொடுக்கலாமா?

உயிரைப் பறிக்கும் நோக்கத்தோடு எதையும் செய்யக்கூடாது என்பதில் சபைகள் உறுதியாக இருக்கின்றன. ஆனால் இனிப் பயன் இல்லை, வேதனையை மட்டும் நீட்டும் என்று தெரிந்த சிகிச்சையை மறுப்பது வேறு. அசாதாரணமான சிகிச்சை முறைகளை ஏற்றுக்கொள்ளும் கடமை யாருக்கும் இல்லை என்று பாப்பரசர் 12ஆம் பயஸ் 1957இலேயே சொன்னார். வலி தீர்க்கும் மருந்து ஆயுளைச் சற்றுக் குறைக்கக்கூடுமானாலும், நோக்கம் வலியைத் தீர்ப்பது மட்டுமே என்றால் கொடுக்கலாம் என்றும் போதித்தார். கத்தோலிக்க மறைக்கல்வி இதையே சொல்கிறது.

நம் நாட்டில் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2023இல் நடைமுறையை எளிதாக்கினார்கள்: இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். எழுதாவிட்டாலும் பிள்ளைகளிடம் வாயாலாவது சொல்லி வையுங்கள். நடுராத்திரியில் ஐசியூ வாசலில் அண்ணன் ஒன்று சொல்ல, தங்கை வேறு சொல்ல, டாக்டர் யார் பேச்சைக் கேட்பார்?

வலியைத் தாங்கிக்கொண்டால்தான் சிலுவை சுமப்பது என்ற எண்ணம் வேண்டாம். லண்டனில் 1967இல் சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் முதல் நவீன இல்லத்தை (ஹாஸ்பிஸ்) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. சாகிறவர்களின் வலியைக் கேட்டறிந்து, வலி திரும்ப வருமுன்பே நேரம் தவறாமல் மருந்து கொடுக்கும் முறையை நிலைநாட்டியவர் அவர். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி தணிப்புச் சிகிச்சை கொடுக்கிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்துகொள்ளுங்கள்.

பராமரிக்கிற எனக்குச் சலிப்பும் கோபமும் வருகிறது. பிறகு குற்ற உணர்ச்சி.

மோசே மலையுச்சியில் கைகளை உயர்த்தினபோது அவருக்கும் வயது எண்பதைத் தாண்டியிருந்தது. கைகள் அசந்துபோயின. அப்போது என்ன செய்தார்கள்? உட்காரக் கல்லை வைத்தார்கள். ஒரு பக்கம் ஆரோன், மறு பக்கம் ஊர் என்பவர், இரண்டு பேர் தாங்கினார்கள். பெரும்பாலான வீடுகளில் தாங்குகிறவர் ஒரே ஒருத்தி. அவள் உட்கார யாரும் கல் வைப்பதில்லை. மைத்துனர்களும் நாத்தனார்களும் வெளியூரிலிருந்து செல்பேசியில் ஆலோசனை சொல்கிறார்கள்.

அவர்களிடம் குறிப்பிட்டுக் கேளுங்கள்: மாதத்தில் இந்த ஒரு வாரம் நீ வந்து இரு, அல்லது இரவுக்கு ஆள் வைக்கப் பணம் அனுப்பு. கோபம் வந்துவிட்டால் மன்னிப்புக் கேளுங்கள், சிறிது நேரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள், மறுபடியும் தொடங்குங்கள். எப்போதும் புன்முறுவலோடு பணிவிடை செய்கிறவர்களைப் பற்றிச் சாட்சிக் கூட்டங்களில் கேட்கிறோம். அந்த வீடுகளின் அடுப்படிகளுக்கு நான் போயிருக்கிறேன், அங்கேயும் கண்ணீர்தான்.

முதியோர் இல்லத்தில் சேர்ப்பது பாவமா? சொத்தை எழுதிக் கொடுத்துவிடலாமா?

நல்ல இல்லமாக, போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளாக இருந்தால் பாவமில்லை. கொண்டுபோய் விட்டுவிட்டு மறந்துவிடுவதுதான் பாவம். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கொர்பான் (காணிக்கை) என்று சொல்லி ஆலயத்துக்குக் கொடுத்தவர்களை ஆண்டவர் கண்டித்தாரே (மாற்கு 7); ஊழியத்துக்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டு அம்மாவின் மருந்துச் சீட்டைத் தள்ளிப்போடுகிறவர்கள் அதை வாசிக்க வேண்டும்.

சொத்து விஷயத்தில் பெற்றோர் நிதானமாக இருங்கள். தான செட்டில்மென்ட் எழுதினால், என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்த்துவிடுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, 23ஆம் பிரிவின்படி, அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். பராமரிப்புத் தொகை கோரி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கவும் வழி உண்டு. மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567. பிள்ளைகள்மேல் மனுக் கொடுப்பது அன்புக்கு விரோதம் என்று நினைத்து மருந்தில்லாமல் கிடக்கிறவர்கள் இருக்கிறார்கள்; அப்படிக் கிடக்க வேண்டியதில்லை.

பரலோகத்தை நம்புகிறேன். ஆனாலும் மரணத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது.

கெத்செமனேயில் ஆண்டவரே வியாகுலப்பட்டார், இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்றார். பயப்படுகிறவர்களை அவருக்குத் தெரியும். பயம் எதைப் பற்றியது என்று பிரித்துப் பாருங்கள். மூச்சுத் திணறுமோ என்றால் டாக்டரிடம் பேசலாம்; தனியாகச் சாவேனோ என்றால் வீட்டாரிடம் பேசலாம்; பழைய பகை உறுத்துகிறது என்றால் அந்த ஆளுக்கு இன்றே போன் பண்ணலாம். இவையெல்லாம் போனபின்பும் மிஞ்சுகிற பயத்துக்கு, கூட உட்கார்ந்து 23ஆம் சங்கீதம் சொல்லும் ஓர் ஆள் வேண்டும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; போதகரைக் கூப்பிட வெட்கப்படாதீர்கள்.

எங்கள் சபை என்ன செய்யலாம்?

ஆலயத்துக்கு வர முடியாதவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுங்கள். பல சபைகளில் அதுவே இல்லை. ஆலயப் படிக்கட்டின் ஒரு பக்கத்தில் சரிவுப் பாதையும் கைப்பிடியும் வையுங்கள். முழங்கால் போட முடியாதவர்களுக்குத் திருவிருந்து மேஜையண்டை நாற்காலி போடுங்கள், அல்லது அவர்கள் இருக்கைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். ஒலிபெருக்கியின் இரைச்சலைக் குறைத்துச் சொற்களைத் தெளிவாக வையுங்கள். காது மந்தமானவர்களுக்குச் சத்தம் கூடுவதால் மட்டும் பேச்சு புரிந்துவிடாது. வாலிபர் ஐக்கியத்தார், பராமரிக்கிற பெண்ணுக்கு ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் விடுதலை கொடுக்கட்டும். அவள் ஆராதனைக்குப் போய்வரும்வரை கட்டில் பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும்.

வீட்டுக்குப் போகும்போது பழம் வாங்கும்முன் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவருடைய கண்மட்டத்துக்கு வரும்படி உட்காருங்கள். அவருக்குக் கேட்கிற பக்கம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். அவரைப் பற்றி அவர் மகனிடம் பேசாதீர்கள், அவரிடமே பேசுங்கள். புறப்படும்போது அடுத்து எந்தக் கிழமை வருவீர்கள் என்று சொல்லிவிட்டு, அந்தக் கிழமையில் போங்கள்.